சனிக்கிழமை ஜெயிச்சா சாமி, தோத்தா மூட்டை முடிச்சு: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவ வந்த கேள்வில முக்கால்வாசி அமெரிக்க காலேஜ் ஃபுட்பால் கோச்சுங்கள பத்தி தான். அதாவது பந்த கைல இடுக்கிட்டு ஓடற, சனிக்கிழமைகள்ல ஆடற அந்த ஃபுட்பால். இண்டியானா யூனிவர்சிட்டி தேசிய டைட்டில் அடிச்ச பரபரப்பு இன்னும் அடங்கல போல. சரி, எல்லாத்தையும் ஒண்ணா பாத்துடலாம்.

கேள்வி: சார், யாரு சார் இந்த சிக்னெட்டி? ரெண்டே வருஷத்துல எப்படி இவ்ளோ பெரிய ஆளானார்?

ரெண்டு வருஷத்துல ஆகல தம்பி, விஷயமே அங்க தான் இருக்கு. இண்டியானாவோட ஹெட் கோச் கர்ட் சிக்னெட்டி 2007-லேர்ந்து 2010 சீசன் வரைக்கும் அலபாமாவுல ஹெட் கோச் நிக் சேபன் கிட்ட வைட் ரிசீவர் கோச், அதாவது வீசற பந்த புடிக்கறவங்களுக்கு கோச், புதுப் பசங்கள டீமுக்கு புடிக்கற ரெக்ரூட்டிங் பொறுப்பும் அவர் கிட்ட தான், நடுவுல 2009-ல டைட்டிலும் அடிச்சாங்க. அங்கயே உக்காந்திருந்தா அடுத்து எங்கயாவது ஆஃபன்ஸ் இல்லன்னா டிஃபன்ஸ் மொத்தத்தையும் பாத்துக்கற கோஆர்டினேட்டர், அப்புறம் ஹெட் கோச்னு எல்லாரும் போற ரூட்ல போயிருக்கலாம். இவர் என்ன பண்ணார்னா, ஐம்பதை தொடப்போற வயசுல, சம்பளத்தையும் கொறச்சுக்கிட்டு, ரெண்டாவது டிவிஷன்ல ஆடற ஐயூபி-ங்கற காலேஜுக்கு ஹெட் கோச்சா கெளம்பி போயிட்டார். பென்சில்வேனியா ஸ்டேட்ல இண்டியானான்னே ஒரு சின்ன ஊர் இருக்கு, அங்க தான் அந்த காலேஜ். இப்ப இவர் இருக்கற இண்டியானா யூனிவர்சிட்டிக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் கெடயாது, விதி பண்ற கூத்து. அவங்க அப்பா ஃபிராங்க் சிக்னெட்டி அங்க ரொம்ப வருஷம் கோச்சா இருந்தவர், அதனால ஊர் ஒண்ணும் புதுசு இல்ல.

அங்க ஆறு சீசன். அப்புறம் ஈலான்ல ரெண்டு, அப்புறம் ஜேம்ஸ் மேடிசன்ல அஞ்சு. ஒவ்வொரு தடவையும் ஒரு படி தான் மேல. 2023 நவம்பர் கடைசில இண்டியானா கூப்பிட்டப்ப அவருக்கு 62 வயசு. அந்த டீம் அந்த வருஷம் 3 மேட்ச் ஜெயிச்சு 9 தோத்திருந்துச்சு, பெரிய டிவிஷன்லயே சரித்திரத்துல அதிகமா தோத்த டீம்ங்கற பேரும் அப்ப அவங்களுக்கு தான். வேலைக்கு சேந்த கொஞ்ச நாள்ல யாரோ ஒரு நிருபர் நீங்க சொல்றத நம்பி பசங்க எப்படி வருவாங்கன்னு கேக்க, "சிம்பிள், நான் ஜெயிக்கிறவன், கூகுள் பண்ணி பாருங்க"ன்னார். திமிர்னு எல்லாரும் சிரிச்சாங்க. 2024-ல 11 வெற்றி 2 தோல்வி, 2025 சீசன்ல 16-க்கு 16. மேல்மட்டத்துல 16-0 ஒருத்தர் அடிச்சது 1894-ல யேல் அடிச்சதுக்கு அப்புறம் இது தான் மொத தடவ.

ஃபைனல் பாத்தவங்களுக்கு தெரியும், மியாமி கூட 27-21. கடைசி குவார்ட்டர்ல நாலாவது டவுன், அதாவது பத்து யார்டு முன்னேற குடுக்கற நாலு வாய்ப்புல கடைசி, பந்த ஒதைச்சு போடற ஃபீல்ட் கோல் கைக்கெட்டற தூரத்துல இருக்கு, மூணு பாயின்ட்ட வாங்கிட்டு போறது தான் எல்லா கோச்சும் பண்றது. இவர் வேணாம்னு ஆஃபன்ஸ உள்ள அனுப்ப, குவார்ட்டர்பேக் (பந்து வீசி ஆட்டத்த நடத்தறவர்) மெண்டோசா பந்த தானே வெச்சுக்கிட்டு நடுவுல பூந்து, அடி வாங்கி, சுத்தி, 12 யார்டு போய் எல்லைக்கோட்டுக்குள்ள பறந்து விழுந்தார் பாருங்க, டச்டவுன், ஆறு பாயின்ட். அப்பவும் சிக்னெட்டி மூஞ்சில ஒரு சிரிப்பு கெடயாது. ஆனா எனக்கு அந்த முடிவ விட 2011-ல எடுத்த முடிவு தான் பெரிய சூதாட்டமா தெரியுது. அசிஸ்டென்ட்டாவே இருந்து எவ்ளோ கத்துக்கிட்டாலும், சனிக்கிழமை சாயங்காலம் தோல்வி நம்ம பேர்ல விழுந்தா எப்படி இருக்கும்ங்கறத கத்துக்க முடியாது, அதுக்கு எவ்ளோ சின்ன நாற்காலியா இருந்தாலும் ஹெட் கோச் நாற்காலில உக்காரணும். அவர் பதிமூணு வருஷம் அத சின்ன எடங்கள்ல கத்துக்கிட்டு வந்திருக்கார்.

கேள்வி: வேலைய விட்டு தூக்கறதுக்கு 7 கோடி டாலருக்கு மேல குடுத்தாங்களாமே, நெஜமா? பைத்தியமா அவங்க?

நெஜம் தான். ஜிம்போ ஃபிஷர். ஃபுளோரிடா ஸ்டேட்ல 2013 டைட்டில் அடிச்சவர், 2017 கடைசில டெக்ஸாஸ் ஏ அண்ட் எம் அவர 10 வருஷம் 7.5 கோடி டாலர்னு ஒப்பந்தம் போட்டு கூட்டிட்டு வந்துச்சு, அதுவும் மொத்தமும் கேரன்டி. 2020 சீசன் நல்லா போச்சு, உடனே 2021-ல ஒப்பந்தத்த இன்னும் நீட்டினாங்க. 2022-ல 5-7, அதாவது 5 வெற்றி 7 தோல்வி. 2023 நவம்பர்ல போயிட்டு வாங்கன்னுட்டாங்க, மிச்ச கணக்கு 7.6 கோடி டாலர் சொச்சம், மொதல்ல ஒரு பெரிய தொக, அப்புறம் 2031 வரைக்கும் வருஷா வருஷம் செக் போகும். அவர் வேற எடத்துல வேலைக்கு சேந்தாலும் கொறையாது, ஒப்பந்தத்துல அப்படி எழுதி வாங்கியிருந்தார் ஏஜென்ட் ஜிம்மி செக்ஸ்டன். பெரிய கோச்சுங்கள்ல நெறைய பேருக்கு அவர் தான் ஏஜென்ட், அதனால ஒரு காலேஜ்ல வேலை காலியானா அவருக்கு நாலு பக்கம் சம்பள உயர்வு வாங்கி குடுக்க வழி கெடைக்கும், அந்த சாமர்த்தியத்த என்னன்னு சொல்றது.

பைத்தியமான்னு கேட்டீங்க. காலேஜ் பக்கம் ஒரு நியாயம் இருக்கு. ஸ்கூல் முடிக்கிற ஒரு பையன் வீட்டுக்கு கோச் போய் உக்காந்து எங்க காலேஜுக்கு வாப்பான்னு கேக்கறார்னு வெச்சுக்கோங்க, அந்த அம்மா கேக்கற மொத கேள்வியே நாலு வருஷமும் நீங்க இருப்பீங்களா சார்ங்கறது தான். ஒப்பந்தம் ரெண்டு வருஷத்துல முடியுதுன்னா போட்டி காலேஜ்காரன் அடுத்த நாளே வந்து அந்தாளு இருக்கமாட்டாரும்மான்னு ஓதிட்டு போயிடுவான். அதனால ஒரு நல்ல சீசன் வந்தா உடனே நீட்டிப்பு. நீட்ட நீட்ட தூக்கறதுக்கான செலவும் ஏறும். ஜெயிச்சப்ப சந்தோஷத்துல போட்ட கையெழுத்து தோத்தப்ப கழுத்த புடிக்குது.

நெப்ராஸ்கா கதை இன்னும் வேடிக்கை. ஸ்காட் ஃபிராஸ்ட் அங்கயே குவார்ட்டர்பேக்கா ஆடி 1997 டைட்டில் அடிச்ச ஊர் செல்லப்பிள்ளை, யூசிஎஃப்-ல, அதாவது சென்ட்ரல் ஃபுளோரிடா யூனிவர்சிட்டில, 2017-ல 13-0 பண்ணிட்டு சொந்த வீட்டுக்கு திரும்பி வந்தார். நாலு சீசனுக்கு மேல இருந்தும் 16 வெற்றி 31 தோல்வி. 2022 செப்டம்பர்ல ஜார்ஜியா சதர்ன் கிட்ட சொந்த மைதானத்துல 45-42 தோத்த மறுநாளே தூக்கிட்டாங்க, 1.5 கோடி டாலர் குடுத்து. அக்டோபர் 1 வரைக்கும் பொறுத்திருந்தா அதுல பாதி தான் குடுக்கணும்! மூணே வாரம். அந்த மூணு வாரம் அவர் மூஞ்சிய பாக்க முடியாதுன்னு 75 லட்சம் டாலர் விட்டுக்குடுத்தாங்க. பணக்கார பழைய மாணவர்கள் நன்கொடை, டிவி காசு, டிக்கெட் காசுன்னு கைல வர்றதால இந்த வீராப்பு.

எல்லா ஒப்பந்தமும் ஃபிஷர் மாதிரி இல்ல. 2025 அக்டோபர்ல பென் ஸ்டேட் ஜேம்ஸ் ஃபிராங்க்ளின தூக்கினப்ப பாக்கி 4.9 கோடி டாலர்னு பேசிக்கிட்டாங்க, அவர் அடுத்த மாசமே வர்ஜினியா டெக்ல சேந்துட்டதால அதுல பெரும்பகுதி காலேஜுக்கு மிச்சம். புது வேலை தேடணும், கெடைச்சா கழிச்சுக்கணும்ங்கற ஷரத்து இருக்கா இல்லையாங்கறது தான் கணக்கு.

கேள்வி: ஒரு மேட்ச் கூட காலேஜ்ல ஆடாதவர் கோச் ஆக முடியுமா? நான் ஆடினதில்ல, ஆனா ஆட்டம் நல்லா புரியும்.

மைக் லீச் இருந்தார். காலேஜ்ல ஃபுட்பால் ஆடவே இல்ல, பெப்பர்டைன்ல வக்கீல் படிப்பு முடிச்சவர். கோட்டு மாட்டிக்கிட்டு கோர்ட்டுக்கு போகாம ஏதோ ஒரு மூலைல இருந்த காலேஜ்ல சொற்ப சம்பளத்துக்கு அசிஸ்டென்ட்டா சேந்தார், நடுவுல ஃபின்லாந்துக்கு போய் அங்க ஒரு டீமுக்கு கூட கோச் பண்ணார். அப்புறம் ஹால் மம்மிங்கற கோச் கூட சேந்து அயோவா வெஸ்லியன், வால்டோஸ்டா ஸ்டேட், கென்டக்கின்னு போனப்ப ரெண்டு பேரும் உருவாக்கினது தான் ஏர் ரெய்டு ஆஃபன்ஸ். சுருக்கமா சொன்னா பிளேங்கற ஆட்டத் திட்டம் ரொம்ப கம்மி, ஆனா அந்த கொஞ்சத்த தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் பண்ற அளவுக்கு திரும்ப திரும்ப பிராக்டிஸ், மைதானத்தோட அகலம் முழுக்க ஆள பரப்பி பந்த வீசிக்கிட்டே இருக்கறது. பெரிய ரெக்ரூட் கெடைக்காத காலேஜுக்கு ஏத்த வித்தை. 2008-ல டெக்ஸாஸ் டெக் கோச்சா இருந்தப்ப நம்பர் ஒன் டெக்ஸாஸ ஒரு செகண்ட் மிச்சம் இருக்கறப்ப டச்டவுன் போட்டு 39-33 சாச்சார். பிரஸ் மீட்ல கல்யாண செலவு, கடற்கொள்ளைக்காரங்கன்னு என்னென்னமோ பேசுவார், அதுக்குன்னே ஒரு கூட்டம் இருந்துச்சு.

2022 டிசம்பர்ல, மிசிசிப்பி ஸ்டேட் கோச்சா இருக்கறப்பவே இறந்துட்டார். காலேஜ் ஃபுட்பால் ஜாம்பவான்கள கௌரவிக்கற ஹால் ஆஃப் ஃபேம்ல சேரணும்னா வெற்றி சதவீதம் 60 வேணும்னு ஒரு விதி, அவருக்கு 59.6. 2025-ல அத 59.5-ன்னு மாத்திட்டாங்க. யாருக்காக மாத்தினாங்கன்னு ஊருக்கே தெரியும்.

உங்களுக்கு பதில்: முடியும், ஆனா ஆட்டம் புரியறது வேற, 19 வயசு பையன் நீ சொல்றத கேக்கறது வேற. லீச்சுக்கு ரெண்டாவது வந்துச்சு.

கேள்வி: எங்க பையன் டெக்ஸாஸ்ல காலேஜ் சேரப்போறான், கோச் ஆகணும்னு ஒத்த கால்ல நிக்கறான். இதுக்கு என்ன படிக்கணும், எப்படி ஆரம்பிக்கணும்? பயமா இருக்கு.

பயப்படறதுல தப்பில்ல அம்மா. படிப்புன்னு தனியா ஒண்ணும் கெடயாது, எந்த டிகிரியா இருந்தாலும் சரி, ஆனா டிகிரி வேணும். ஏன்னா மொத படி கிராஜுவேட் அசிஸ்டென்ட், ஜிஏ-ன்னு சொல்வாங்க, ஏதாவது முதுகலைல சேந்துக்கிட்டு டீமுக்கு வேலை பாக்கணும், ஃபீஸ் கட்டிடுவாங்க, கைல ஏதோ கொஞ்சம் குடுப்பாங்க. வேலை என்னன்னா ஃபில்ம் வெட்டறது. எதிர் டீமோட பழைய மேட்ச்ச ஒவ்வொரு பிளேயா நிறுத்தி, எத்தனாவது டவுன், எத்தன யார்டு, யார் எங்க நின்னான்னு பதிவு பண்ணணும், ராத்திரி ரெண்டு மணிக்கு முடிச்சா காலைல ஆறு மணிக்கு மீட்டிங். அதுக்கும் முன்னாடி, படிக்கறப்பவே டீம்ல ஸ்டூடன்ட் அசிஸ்டென்ட்டாவோ ஈக்விப்மென்ட் மேனேஜராவோ சேந்தா நல்லது. ஜிஏ, அப்புறம் அனலிஸ்ட், அப்புறம் ஒரு பொசிஷனுக்கு கோச், அப்புறம் கோஆர்டினேட்டர், அப்புறம் அதிர்ஷ்டம் இருந்தா ஹெட் கோச். ஜனவரில கோச்சுங்க சங்கத்தோட மாநாடு நடக்கும், அங்க ஹோட்டல் லாபில பயோடேட்டாவோட நிக்கற இளம் கோச்சுங்க கூட்டத்த பாத்தா தான் போட்டி எவ்ளோன்னு புரியும். எஃப்பிஎஸ்-ங்கற மேல் டிவிஷன்ல 2025 கணக்குப்படி 136 டீம், 136 நாற்காலி, அவ்ளோ தான்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், ஹெட் கோச் போனா அவர் ஸ்டாஃப் மொத்தமும் போகும். பல கோடி கேரன்டி எல்லாம் மேல இருக்கறவருக்கு தான், கீழ இருக்கறவங்க பசங்க ஸ்கூல் மாத்தி ஸ்கூல் மாத்தியே வளரும். இத அவன் கிட்ட இப்பவே சொல்லுங்க. அப்பவும் ஒத்த கால்ல நின்னா விட்டுடுங்க. நிக் சேபனே கோச் ஆகணும்னு நெனச்சவர் இல்ல. கென்ட் ஸ்டேட்ல ஆடி முடிச்சார், மனைவி டெரிக்கு படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி, அதுவரைக்கும் ஊர்ல இருக்கணுமேன்னு கோச் டான் ஜேம்ஸ் குடுத்த ஜிஏ வேலைய ஒத்துக்கிட்டார். 1973. அப்புறம் நடந்தது ஏழு டைட்டில்.

கேள்வி: மேட்ச் அன்னிக்கு ஹெட் கோச் ஹெட்செட்ட மாட்டிக்கிட்டு நடந்துக்கிட்டே இருக்காரே, என்ன தான் பண்றார்?

ஆளுக்கு ஆள் மாறும். சிலர் பிளே தானே சொல்வாங்க. சிலர் அத கோஆர்டினேட்டர் கிட்ட விட்டுட்டு நாலாவது டவுன்ல போகலாமா வேணாமா, டைம் அவுட் எப்ப எடுக்கறது, அம்பயர் கிட்ட எவ்ளோ கத்தறதுங்கறத மட்டும் பாத்துப்பாங்க. 2023 வரைக்கும் சைடு லைன்ல பெரிய பெரிய அட்டைல கார்ட்டூன், நடிகர் படம்னு புடிச்சுக்கிட்டு நிப்பாங்க, அது தான் பிளேக்கு ரகசிய சிக்னல். அத முன்கூட்டியே ஆள் விட்டு படம் புடிச்சாங்கன்னு மிச்சிகன் மேல பெரிய புகார் வந்து, கோச் ஜிம் ஹார்பாவ ரெகுலர் சீசனோட கடைசி மூணு மேட்ச்சுக்கு வெளிய உக்கார வெச்சாங்க, ஆனாலும் அந்த வருஷம் 15-0, டைட்டிலும் அவங்களுக்கே. அடுத்த சீசன்லேர்ந்து ஹெல்மெட்ல ரேடியோ வந்துடுச்சு, கோச் ஒரே ஒரு பிளேயர் கிட்ட பேசலாம், அடுத்த பிளே ஆரம்பிக்க குடுக்கற நேரத்துல 15 செகண்ட் மிச்சம் இருக்கறப்ப லைன் கட்.

கேள்வி: ஒரு தடவ வேலை போச்சுன்னா கோச்சோட கதை முடிஞ்சுதா?

ஐயோ, இந்த தொழில்ல வேலை போறதுங்கறது ஸ்கூல் பசங்களுக்கு டிசி வாங்கற மாதிரி, அத வெச்சே அடுத்த எடத்துல சேருவாங்க. லேன் கிஃபினயே எடுத்துக்கோங்க. 2013-ல அவர் கோச்சா இருந்த யூஎஸ்சி (சதர்ன் கலிஃபோர்னியா யூனிவர்சிட்டி) அரிசோனா ஸ்டேட் கிட்ட 62-41 தோத்துட்டு நடுராத்திரில லாஸ் ஏஞ்சலஸ்ல எறங்குது, டீம் பஸ் கெளம்பறதுக்குள்ள இவர கூப்பிட்டு ஏர்போர்ட்லயே வேலை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷமே சேபன் அலபாமாவுல ஆஃபன்ஸ் கோஆர்டினேட்டரா வெச்சுக்கிட்டார். அங்கேர்ந்து ஃபுளோரிடா அட்லாண்டிக், அங்கேர்ந்து ஓல் மிஸ்னு சொல்ற மிசிசிப்பி யூனிவர்சிட்டி, 2025 நவம்பர்ல எல்எஸ்யூ, அதாவது லூயிசியானா ஸ்டேட். அதுவும் எப்படி, ஓல் மிஸ் 11-1 ஜெயிச்சு டைட்டிலுக்கான நாக்அவுட் சுத்தான ப்ளேஆஃப் உள்ள நிக்கறப்ப விட்டுட்டு போனார். ஊரே சாபம் விட்டுச்சு. மிச்சமிருந்த பசங்க பீட் கோல்டிங் தலைமைல ஜார்ஜியாவயே சாச்சு செமிஃபைனல் வரைக்கும் போனாங்க, அத பாத்து நான் விசில் அடிச்சேன், மறைக்க விரும்பல.

ஸ்டீவ் சார்க்கிசியனும் யூஎஸ்சி 2015-ல தூக்கினவர் தான், அவரும் அலபாமா வழியா வந்து இப்ப டெக்ஸாஸ் ஹெட் கோச். டாபோ ஸ்வின்னி இன்னும் ஒரு படி கீழ போனார். 2000-ல அலபாமா ஸ்டாஃப கலைச்சப்ப வேலை போய் ரெண்டு வருஷம் ரியல் எஸ்டேட் கம்பெனில வேலை பாத்தார். 2003-ல கிளெம்சன்ல ரிசீவர் கோச் வேலை, 2008 நடு சீசன்ல ஹெட் கோச் போனதும் தற்காலிகமா இவர உக்கார வெச்சாங்க, அந்த தற்காலிகம் 2016, 2018 ரெண்டு டைட்டில் வாங்கிக் குடுத்துச்சு.

கேள்வி: பிளேயர்ஸுக்கு காசு குடுக்க ஆரம்பிச்சப்புறம் கோச் வேலை மாறிடுச்சா?

தலகீழா. 2021 ஜூலைலேர்ந்து பசங்க தங்களோட பேர், படத்த வெச்சு விளம்பரத்துல சம்பாதிக்கலாம். 2025 ஜூன்ல கோர்ட் ஒப்புக்கிட்ட சமரசப்படி காலேஜே நேரா குடுக்கலாம், 2025-26-க்கு ஒரு காலேஜுக்கு உச்சவரம்பு எல்லா விளையாட்டும் சேத்து சுமார் 2.05 கோடி டாலர், அதுல பெரும்பங்கு ஃபுட்பாலுக்கு தான் போகும். கூடவே டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், புடிக்கலன்னா பையன் பேர பதிஞ்சுட்டு வேற காலேஜ் போயிடலாம். முன்னாடி 18 வயசு பையன கூட்டிட்டு வந்து மூணு வருஷம் வளத்து ஆட விடுவாங்க, இப்ப ஒவ்வொரு வருஷமும் டீம புதுசா கட்டணும். சிக்னெட்டி கூட ஜேம்ஸ் மேடிசன்லேர்ந்து ஒரு டஜன் பேருக்கு மேல கூட்டிட்டு வந்து தான் இண்டியானாவ நிமித்தினார், மெண்டோசாவும் கலிஃபோர்னியாலேர்ந்து மாறி வந்தவர். பேரம் பேச ஜெனரல் மேனேஜர்னு தனி ஆளே வந்தாச்சு, ஸ்டான்ஃபோர்டுல அது முன்னாள் குவார்ட்டர்பேக் ஆண்ட்ரூ லக். பசங்களுக்கு காசு போறது நியாயம்னு தான் நான் சொல்வேன், கோச் கோடில சம்பாதிக்கறப்ப அடி வாங்கறவன் மட்டும் ஏன் சும்மா வாங்கணும்.

கேள்வி: என்எஃப்எல்-ங்கற தொழில்முறை லீக்ல பெரிய கோச்சா இருந்தவர் காலேஜுக்கு வந்தா ஈஸியா ஜெயிப்பாரா?

பில் பெலிசிக் ஆறு சூப்பர் பௌல், அதாவது என்எஃப்எல் ஃபைனல், அடிச்சவர், 2025-ல நார்த் கரோலினாவுல மொத சீசன் 4-8. சேபன் எதிர்பக்கம், காலேஜ்லேர்ந்து என்எஃப்எல்-க்கு, போய் மியாமி டால்ஃபின்ஸ்ல 15-17. போதுமா?

கேள்வி: கோச்சுங்களுக்கு ரிட்டயர்மென்ட் வயசு உண்டா?

சட்டப்படி இல்ல. சேபன் 72 வயசுல, 2024 ஜனவரில தானா விலகினார். அவருக்கு முன்னாடி அலபாமாவுல ஆறு டைட்டில் அடிச்ச பால் 'பேர்' பிரையன்ட் 1982 டிசம்பர்ல கடைசி மேட்ச் முடிச்சு, நாலு வாரத்துல இறந்து போனார். அமோஸ் அலான்சோ ஸ்டாக்னு ஒருத்தர், 1892-லேர்ந்து ஷிகாகோ யூனிவர்சிட்டில கோச், எழுபது வயசாச்சு கெளம்புங்கன்னு 1932 சீசனோட அனுப்பிட்டாங்க. மனுஷன் கலிஃபோர்னியால பசிபிக் காலேஜ்ல சேந்து இன்னும் 14 சீசன் பண்ணார், 1943-ல 81 வயசுல அந்த வருஷத்தோட சிறந்த கோச்னு மத்த கோச்சுங்களே ஓட்டு போட்டாங்க. அவர கெளப்பிவிட்ட ஷிகாகோ அதுக்கு நாலு வருஷம் முன்னாடியே டீம கலைச்சிருந்துச்சு.